சிறு பிள்ளைகளில் மறைவான ஒரு குறைவு



தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையின் படுக்கையருகே நிற்கும் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, நான் என்ன தப்பு செய்தேன்?" பத்து நாள் வயிற்றுப்போக்கில் வாடி, வலிப்போடு வந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் தாயாரும் அப்படியே கேட்டார். ஆறுதல் சொன்னோம், ஜெபித்தோம். அவர் மனம் ஆறவில்லை.

மருத்துவர்கள் முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கால்சியம் குறைந்திருந்தது, ஊசி மூலம் கொடுத்தார்கள். ஆனாலும் வலிப்பு திரும்பத் திரும்ப வந்தது. அப்போது மூத்த மருத்துவர், "மெக்னீசியம் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தபோது அது மிகவும் குறைந்திருந்தது. மெக்னீசியம் ஏற்றிய பிறகே வலிப்பு நின்றது. கால்சியமும் ஏறத் தொடங்கியது.

மெக்னீசியம் நம் உடலுக்கு வேண்டிய ஒரு தாதுப்பொருள். நரம்பும் தசையும் இருதயமும் ஒழுங்காய் இயங்க இது அவசியம். கீரை, பயறு, கேழ்வரகு, கடலை ஆகியவற்றில் கிடைக்கிறது. 100 மில்லி இரத்தநீரில் ஏறக்குறைய 1.7 முதல் 2.4 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். ஆனால் உடலிலுள்ள மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பிலும், மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற உறுப்புகளிலும் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பரிசோதனையில் அளவு சரியாகத் தெரிந்தாலும், உடலுக்குள் குறைவு மறைந்திருக்கலாம்.

கடும் நோயுற்ற பிள்ளைகள் இதைப் பல வழிகளில் இழக்கிறார்கள். வயிற்றுப்போக்கில் போகிறது. நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசிமைட், கிருமிகளுக்குக் கொடுக்கும் ஜென்டாமைசின் போன்ற அவசியமான மருந்துகளாலும் சிறுநீரில் போகிறது. இது மிகவும் குறைந்தால், கால்சியத்தைக் காக்கும் கழுத்துச் சுரப்பி சரியாகச் சுரக்காது. சிறுநீரகமும் பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும். அதனால்தான் அவ்விரண்டையும் எவ்வளவு கொடுத்தாலும் நிற்பதில்லை. இருதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

கடும் ஊட்டக்குறைவுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இக்குறைவு இருப்பதாகவே கொண்டு, பரிசோதனைக்குக் காத்திராமல் உணவிலேயே மெக்னீசியம் சேர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது.

மருந்து எளிதானதே. பழைய நாட்களில் நாம் பேதியுப்பு என்று வாங்கிய அதே மெக்னீசியம் சல்பேட், ஊசி மருந்தாகச் சுத்திகரிக்கப்பட்டது. ஆனால் எடைக்கேற்ற அளவில், மெதுவாகவே ஏற்ற வேண்டும். மிஞ்சினால் இரத்த அழுத்தம் விழும், மூச்சு தளரும். ஆகையால் நர்ஸ் சகோதரிகள் மூச்சையும் இருதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முழங்காலைத் தட்டி அசைவு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். கடைப் பேதியுப்பை வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அது வயிற்றுப்போக்கை அதிகமாக்கும்.

வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்குத் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சோர்வோ வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

மறுநாள் அந்தத் தாயாரிடம் மருத்துவர் இவற்றையெல்லாம் எளிய தமிழில் விளக்கினார். "அம்மா, நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. வயிற்றுப்போக்கில் ஓர் உப்பு போய்விட்டது. இப்போது கொடுத்துவிட்டோம்" என்றார். எங்கள் ஆறுதல் வார்த்தைகளால் ஆறாத மனம் அப்போதுதான் ஆறியது. அன்று இரவு, வந்த நாள்முதல் கண்மூடாத அவர், குழந்தையின் கட்டிலில் தலைசாய்த்துத் தூங்கினார்.