தொண்டு நிறுவனத்துக்கு வெப்சைட் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு

பிளவக்கல் அணைக்குக் கீழே வத்திராயிருப்பு, கூமாபட்டி வட்டாரத்திலும், இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்திலும் சின்னதாகத் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கம்ப்யூட்டர் ஆள் வைக்க வசதி இருக்காது. கல்லூரி முடித்த பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள்: "கண்ணு, நம்ம டிரஸ்டுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடு." சந்தோஷமாகப் போட்டுக் கொடுங்கள். ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் நிறுவனத்தின் தளத்தை மாற்றுத்திறனாளியாலேயே படிக்க முடியாத கூத்து வேண்டாம். இந்த வேலையில் நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. வருகிறவர் யார் என்று முதலில் யோசியுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை இல்லாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர், எழுத்துக்கூட்டத் திணறுபவர் என்று ஒவ்வொருவருக்கும் இடிக்கிற இடம் வேறு. பேசும் வசதி ஒன்றை வைத்ததோடு வேலை முடியாது.

2. யூனிகோடில் இல்லாத எதையும் ஏற்றாதீர்கள். பழைய ஆண்டறிக்கைகள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டியதாக இருக்கும். கண்ணுக்குத் தெரிவது தமிழ்; உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும், கேட்பவர் காதில் உளறலாக விழும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்கவும் மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்த்துத் தடுமாறும்.

3. அறிவிப்பைப் படமாக மட்டும் போடாதீர்கள். மருத்துவ முகாம் என்றைக்கு, என்னென்ன சான்று கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் வாட்ஸ்அப் போஸ்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃபும் அப்படித்தான். படம் இருக்கட்டும்; அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் கீழே தட்டச்சு செய்து வையுங்கள்.

4. படத்துக்கு விளக்கம் எழுதுங்கள். 'பிளவக்கல் அணை' என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். 'பிளவக்கல் அணைக்கரையில் சக்கர நாற்காலியில் வந்த மாணவர்களுக்கு ஆசிரியர் மதகைக் காட்டுகிறார்' என்று எழுதினால், அந்தப் படம் ஏன் அங்கே இருக்கிறது என்பது கேட்பவருக்குப் பிடிபடும். வெறும் அலங்காரப் படமென்றால் விளக்கத்தைக் காலியாக விடுங்கள். பூவையும் கோட்டையும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

5. வழியை எழுத்தில் சொல்லுங்கள். கூகுள் மேப் மட்டும் போதாது. எந்த ஊர் பஸ், எந்த நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம், வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா என்று எழுதுங்கள். சக்கர நாற்காலிக்காரர் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

6. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் தளத்தை நீங்களே பயன்படுத்திப் பாருங்கள். டேப் விசையும் என்டரும் கொண்டே மெனு, படிவம், பொத்தான் எல்லாம் எட்ட வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கட்டத்தை அழகுக்காக நீக்கிவிடாதீர்கள்.

7. படிவத்தில்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். பெயர், பான் எண், தொகை என்று ஒவ்வொரு பெட்டிக்கும் நிலையான பெயர்ச்சீட்டு வேண்டும். தட்டத் தொடங்கியதும் மறைந்துபோகும் மங்கலான எழுத்து அதற்கு ஈடாகாது. பிழை வந்தால் சிவப்பாக்கிக் காட்டுவது மட்டும் பத்தாது. 'பான் எண்ணில் ஓர் எழுத்து குறைகிறது' என்று சொல்லுங்கள். கோணல்மாணல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்ட்சாவைத் தூக்கிவிடுங்கள். ஓடிபிக்கு நேரம் கூட்டிக் கொடுங்கள்.

8. நிறத்துக்கும் அளவுக்கும் கணக்கு இருக்கிறது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகத் தரநிலையின் 2.2 பதிப்பு 2023இல் வந்தது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வேறுபாடு, 200 சதவீதம் பெரிதாக்கினாலும் குலையாத பக்கம், விரல் படும் பொத்தான் குறைந்தது 24 பிக்சல் என்று அது வரையறுக்கிறது. நம் அரசுத் தளங்களுக்கும் ஜி.ஐ.ஜி.டபிள்யூ. என்ற வழிகாட்டி உண்டு.

9. வீடியோவில் பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடட்டும். பக்கத்திலேயே கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் காது கேளாத மாணவர்கள் பொறியியல் படிக்கிறார்கள். தானாக உருவாகும் தமிழ் எழுத்தை அப்படியே நம்பாமல் திருத்திப் போடுங்கள்.

10. ஒரே வரி நிரலைச் சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்று விற்கும் விட்ஜெட்டை வாங்காதீர்கள். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தின் சுவரில் சாய்தளத்தை வரைந்து வைப்பது போன்றது அது. இப்படிப் பெரிய வாக்குறுதி கொடுத்த ஆக்ஸசிபி நிறுவனத்தை 2025இல் அமெரிக்க வணிக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

11. மாற்றுத்திறனாளிகளையே உட்கார வைத்துச் சோதியுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், ஆண்ட்ராய்டில் டாக்பேக் கூடவே வருகிறது, நீங்களும் பழகலாம். ஆனால் தினமும் அதிலேயே புழங்குகிறவர் கண்டுபிடிக்கும் குறை உங்களுக்குத் தட்டுப்படாது. ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர். உதவி பெறுகிறவர்களாக மட்டும் நாம் நினைப்பவர்கள் நிறுவனத்தையே நடத்துகிறவர்கள் என்பதை மறவாதீர்கள்.

12. இது தயவு அல்ல, சட்டம். 2016 சட்டம் தனியார் சேவை அமைப்புகளுக்கும் பொருந்தும். இணையவழி அணுகல், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிரஸ்ட் பெரியவர்கள் 'அதெல்லாம் பிறகு பார்க்கலாம்' என்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முழுத் தளத்தையும் ஒரே மூச்சில் சரிசெய்ய முடியாவிட்டால் பரவாயில்லை. உதவி கேட்கும் படிவத்தையும் தொடர்பு எண் உள்ள பக்கத்தையும் முதலில் சரிசெய்யுங்கள். மற்றதை மாதம் ஒரு பக்கமாக முடியுங்கள்.