செரெங்கெட்டியில் விலங்கு ஆராய்ச்சி

விலங்குகளிடத்து அன்பு கொள்ளுதல் நன்று. ஆயினும் அன்பு ஒன்றே அவற்றைக் காத்தற்குப் போதியதன்று. ஒரு விலங்கு எங்கு வாழ்கின்றது, எதனை உண்கின்றது, எந்நோயால் மடிகின்றது என்பனவற்றை அறியாமல் அதனைக் காக்க முற்படுதல், நோயறியாத மருத்துவன் மருந்து கொடுப்பதனை ஒக்கும். இவ்வுண்மைக்கு ஆப்பிரிக்காவிலுள்ள செரெங்கெட்டித் தேசியப் பூங்கா சிறந்த சான்றாகும். பல நாட்டு அறிஞர்கள் தத்தம் நாட்டினை நீங்கிச் சென்று, அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்தனர். அவர்கள் கற்ற வரலாறு நாமும் கற்கத்தக்கது.

செரெங்கெட்டி, தான்சானியா நாட்டின் வடபால், கென்யாவின் எல்லையை அடுத்து அமைந்துள்ளது. அதன் பரப்பு 14,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. மாசாய் மக்களின் மொழியில் அப்பெயர் 'எல்லையற்ற வெளி' எனப் பொருள்படும் என்பர். 1951-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. பூங்கா என்றவுடன் மலர்ச்செடிகளும் நீரூற்றுகளும் அமைந்த சோலையை நினைத்தல் வேண்டா. அது கண்ணுக்கெட்டிய தொலைவு விரிந்து கிடக்கும் புல்வெளி. ஆங்காங்கே முள்மரங்களும் கற்குன்றுகளும் நிற்கும். சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி, எருமை, வரிக்குதிரை முதலியன அங்குத் தம் விருப்பம்போல் திரிகின்றன.

ஆயினும் அவ்வெளிக்குத் தலைமை பூண்டது சிங்கம் அன்று. வில்டபீஸ்டு என்னும் புல்தின்னி விலங்கேயாகும். மான் இனத்தை ஒட்டிய அவ்விலங்குக்கு மாட்டினைப் போன்ற கொம்பும், குதிரையினைப் போன்ற பிடரிமயிரும், ஆட்டினைப் போன்ற தாடியும் உண்டு. மழைக்காலத்தில் அவை தெற்கேயுள்ள குறும்புல் வெளிகளிற் கூடிக் கன்றுகளை ஈனும். எரிமலைச் சாம்பல் படிந்த அந்நிலத்தின் புல், கன்றீன்ற விலங்குகளுக்கு மிக்க ஊட்டம் தரவல்லது. மழை நீங்கிப் புல் உலர்ந்தபின், அவை மேற்கும் வடக்குமாக நடந்து, முதலைகள் நிறைந்த மாரா ஆற்றினை நீந்திக் கடந்து, நீர்வளமுள்ள வடநிலத்தை அடையும். மீண்டும் மழை தொடங்குங்கால் தெற்கு நோக்கித் திரும்பும். இங்ஙனம் ஆண்டுதோறும் ஒரு பெருஞ்சுற்று நிகழ்கின்றது.

அப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில், பூங்காவின் எல்லையைப் பற்றி ஒரு சிக்கல் எழுந்தது. மாசாய் மக்கள் தொன்றுதொட்டு அந்நிலத்தில் ஆனிரை மேய்த்து வாழ்பவர். அவர்களுக்கு நிலம் வேண்டும். விலங்குகளுக்கும் நிலம் வேண்டும். ஆதலின், பூங்காவின் கிழக்குப் பகுதியைப் பிரித்துவிட அரசினர் எண்ணினர். ஆனால் மந்தைகள் எந்த மாதத்தில் எவ்வழியே செல்கின்றன என்பதனையோ, அவற்றின் தொகை எவ்வளவு என்பதனையோ தெளிவாகக் கூறவல்லார் எவரும் இலர். வழியறியாமல் வேலி கோலுவது எங்ஙனம்?

இதனை அறிதற்பொருட்டு ஜெர்மனி நாட்டினின்று தந்தையும் மகனுமாக இருவர் வந்தனர். தந்தை பெர்ன்ஹார்டு கிரிசிமெக், பிராங்க்பர்ட் நகர விலங்குக்காட்சிச் சாலையின் தலைவர். கால்நடை மருத்துவம் கற்றவர். மகன் மைக்கேல், விலங்கியல் பயின்ற இளைஞர். இருவரும் விமானம் ஓட்டக் கற்று, 1957-ஆம் ஆண்டின் இறுதியில் தம் சிறு விமானத்திலேயே ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டனர். அவ்விமானத்துக்கு வரிக்குதிரையின் வரிகளைப் போலவே வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. 1958-ஆம் ஆண்டில் அவர்கள் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தாழப் பறந்து, விலங்குகளை எண்ணினர். ஏறத்தாழ 3,67,000 பெருவிலங்குகள் எண்ணப்பட்டன. அவற்றுள் வில்டபீஸ்டுகள் ஏறத்தாழ 99,500. மந்தைகள் செல்லும் வழிகளைத் தொடர்ந்து நோக்கியும், புல்வகைகளைத் திரட்டி ஆராய்ந்தும், அவை புதிய எல்லைக்கு அப்பாலுள்ள நிலத்தையும் நாடிச் செல்கின்றன என்பதனைக் கண்டனர்.

அவ்வாராய்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1959-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், மைக்கேல் தனியே ஓட்டிச் சென்ற விமானத்தின்மீது ஒரு கழுகு மோதிற்று. விமானம் நிலத்தில் வீழ்ந்து நொறுங்க, அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 24. கோரங்கோரோ என்னும் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தந்தையார் துயரத்தால் செயலற்றுப் போகவில்லை. இருவரும் தொடங்கிய நூலையும் திரைப்படத்தையும் முடித்து, 'செரெங்கெட்டி மடியலாகாது' என்னும் பொருள்படும் பெயரால் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். உலக மக்கள் பலர் அப்புல்வெளியின் பெயரை அவற்றால் அறிந்தனர்.

எல்லை பற்றி அவர்கள் கூறிய அறிவுரை முழுமையாக ஏற்கப்படவில்லை. 1959-இல் கிழக்கு நிலம் பிரிக்கப்பட்டு, மாசாய் மக்களும் விலங்குகளும் ஒருங்கு வாழ்தற்குரிய கோரங்கோரோக் காப்பு நிலமாயிற்று. பூங்காவுடன் வடபகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. பூங்காவுக்குள் வாழ்ந்த மாசாய் மக்கள் அதனை விட்டு நீங்க நேர்ந்தது. தம் முன்னோர் ஆனிரை மேய்த்த நிலத்தை இழத்தல் சிறிய இழப்பன்று. விலங்கினைக் காப்போர் அந்நிலத்து மக்களின் துயரையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

பின்னர் வந்த அறிஞர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயிரினத்தைத் தேர்ந்து ஆராயலாயினர். கழுதைப்புலி பிற விலங்குகள் கொன்ற இரையின் எச்சத்தைத் தின்னும் இழிந்த விலங்கு என்பது பலருடைய எண்ணம். ஹான்ஸ் குரூக் என்னும் டச்சு அறிஞர் நிலவொளியில் அவற்றைப் பின்தொடர்ந்து நோக்கினார். அவை இரவில் கூட்டமாகச் சேர்ந்து தாமே வேட்டையாடுவதனையும், கோரங்கோரோவில் அவை கொன்ற இரையைச் சிங்கங்கள் பறித்து உண்பதனையும் கண்டார். பகலில் வந்து பார்த்தவர்கள் கள்வனை வள்ளல் என்றும், உழைத்தவனை இரவலன் என்றும் கருதிவிட்டனர்! இந்தியாவின் கான்ஹாக் காட்டில் புலியையும் மானையும் ஆராய்ந்த ஜார்ஜ் ஷேலர், 1966 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் செரெங்கெட்டியில் தங்கிச் சிங்கங்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார்.

இவை எல்லாவற்றினும் வியப்புக்குரியது மற்றொன்று. 1961-இல் ஏறத்தாழ 2,60,000-ஆக இருந்த வில்டபீஸ்டுகள், 1977-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13 இலட்சமாகப் பெருகின. இதன் காரணம் யாது? விடை காட்டிற்குள் இல்லை. மாட்டுத் தொழுவத்தில் இருந்தது. நம் நாட்டு உழவரும் அஞ்சி நடுங்கிய வெக்கை நோய், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவிற் புகுந்து மாடுகளை மாளச் செய்தது. அதனால் மாசாய் மக்களைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. அந்நோயைத் தம்மிடம் வைத்திருந்து பரப்புவன காட்டு விலங்குகளே என்று பலர் கருதினர். ஆனால் சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டபின், காட்டு விலங்குகளிடமும் அந்நோய் மறைந்தது. 1963-ஆம் ஆண்டளவிற்குப் பின் பிறந்த வில்டபீஸ்டுகளின் குருதியில் அந்நோயின் சுவடே காணப்படவில்லை. மாட்டினின்றே நோய் காட்டிற்குச் சென்றது என்பது இதனால் விளங்கிற்று. எருமைகளை ஆராய வந்த ஆன்டனி சின்கிளேர் என்பார், எருமைகள் பெருகியதற்கும் அதுவே காரணமெனத் தெளிவுறுத்தினார். வறட்சிக் காலத்தில் மிகுதியாகப் பெய்த மழையும் பின்னர் அப்பெருக்கத்திற்குத் துணை செய்தது.

அதன் விளைவு அத்துடன் நிற்கவில்லை. மந்தைகள் பெருகவே, புல் மிகுதியாக மேயப்பட்டது. காய்ந்த புல் குறையவே, காட்டுத்தீ குறைந்தது. தீ குறையவே, இளமரங்கள் பிழைத்து வளர்ந்தன. மாட்டுக்குப் போட்ட ஓர் ஊசி, மரத்தையும் வளர்த்தது! இயற்கையில் ஒவ்வொன்றும் மற்றொன்றனோடு எத்துணை நுண்ணிதாகப் பிணைந்துள்ளது என்பதனை இதனால் அறியலாம். 2011-ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

ஆராய்ச்சி அயல்நாட்டினர்க்கே உரியதாய் நின்றுவிடவில்லை. 1963-இல் கிளிமஞ்சாரோ மலைச்சாரலில் இம்வேக்கா என்னும் இடத்தில் வனவிலங்குப் பாதுகாப்புக் கல்லூரி நிறுவப்பட்டது. ஆப்பிரிக்க இளைஞர்கள் தம் நாட்டு விலங்குகளைக் காக்கும் முறைகளை அங்குப் பயின்று வருகின்றனர். தம் வீட்டுச் செல்வத்தின் அளவை வீட்டுக்குரியோரே அறிதல் முறையன்றோ?

செரெங்கெட்டி கற்பிக்கும் பாடம் இதுவாகும்: பலரும் கூறுவது என்பதனால் ஒன்று மெய்யாகிவிடாது, பொறுமையுடன் நோக்கி, எண்ணி, ஆராய்ந்து அறிந்ததே மெய்யாகும். அவ்வறிவினின்று பிறக்கும் அன்பே உயிர்களைக் காக்கும் ஆற்றல் உடையது.