தேங்காய் எண்ணெய் திண்மமா, திரவமா?



ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு சோதனையில் பால் ஒரு தூய பொருள் என்று எழுதிப் புள்ளியை இழந்து வந்தாள். பால் பெட்டியில் சுத்தமான பால் என்றுதானே போட்டிருக்கிறது என்பது அவளது வாதம். விளங்கப்படுத்த உட்கார்ந்தால், என்னிடம் இருக்கும் சொற்கள் எல்லாம் தமிழ், அவளுடையவை ஆங்கிலம். நான் இந்தப் பாடத்தைப் படித்தது தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் கீழ். பிறகு கணக்கியலுக்குப் போய்விட்டேன். கடைசியில் இருவருமாகக் குசினி அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தோம். அதை இங்கே தருகிறேன்.

முதலில் தேங்காய் எண்ணெய். என் அம்மா ரொறன்ரோவுக்கு வந்த முதற் பனிக்காலத்தில், வெள்ளையாய் இறுகிக் கிடந்த எண்ணெய்ப் போத்தலைப் பார்த்து, "தம்பி, கடைக்காரன் கொழுப்பைக் கலந்து ஏமாத்திப் போட்டான்" என்று குப்பையில் போட்டுவிட்டார். ஊரில் மார்கழி விடியலில் எண்ணெய் சற்றுத் தடிப்பதைக் கண்டவர்தான். கல்லாக இறுகியதைக் கண்டதில்லை. தேங்காய் எண்ணெய் உருகுவது 24 பாகை செல்சியசுக்கு அண்மையில். யாழ்ப்பாணத்துப் பகல் எப்போதும் அதற்கு மேலே. எங்கள் வீட்டு அலுமாரி அதற்குக் கீழே. எனவே ஒரு பொருள் திண்மமா, திரவமா, வாயுவா என்று கேட்டால், "எந்த வெப்பநிலையில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அமுக்கத்தையும் கேட்க வேண்டும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு அவிய நேரமெடுப்பது அதனால்தான்.

திண்மத்தில் துணிக்கைகள் நெருங்கி நின்று, நின்ற இடத்திலேயே அதிரும். திரவத்தில் நெருக்கம் பெரும்பாலும் குறையாது, ஆனால் ஒன்றையொன்று நழுவிக் கடக்கும். வாயுவில் வெகுதூரம் விலகித் திரியும். தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கனவளவு சுமார் 1,700 மடங்காகிறது. பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், முழுவதும் உருகி முடியும்வரை வெப்பமானி 0 பாகையை விட்டு அசையாது. ஒரு கிராம் பனிக்கட்டி 334 யூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெப்பமானியில் பதிவு இல்லை. இதுதான் மறைவெப்பம். வரவு இருந்தும் பதிவில்லாத கணக்கு என் தொழிலில் என்றால் வில்லங்கம்!

சுவாமி அறையில் டப்பாவுக்குள் இருக்கும் கற்பூரம் தானாகக் குறைகிறதே, அது எங்கே போகிறது? உருகித் திரவமாகாமல் நேரே வாயுவாகிறது. இது பதங்கமாதல். அந்த வாயு குளிர்ந்தால் மூடியின் உட்புறத்தில் பளிங்குத் துகள்களாக மீண்டும் படியும், அதுவும் கற்பூரமே. ஆனால் தீபாராதனையில் எரிந்த கற்பூரம் மீளாது. அது ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீராவியும் கரிப்புகையுமாக மாறிவிடுகிறது. முன்னையது பௌதிக மாற்றம், பின்னையது இரசாயன மாற்றம். (கற்பூரத்தை விழுங்கினால் நஞ்சு. சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.)

இனி மகள் பிழைவிட்ட இடம். கடைக்காரருக்குச் சுத்தம் என்றால் வெளியிலிருந்து எதையும் கலக்கவில்லை என்பது. விஞ்ஞானத்தில் தூய பொருள் என்றால் ஒரேயொரு மூலகமோ, ஒரேயொரு சேர்வையோ மட்டும். செம்பு மூலகம். சீனியும் கற்பூரமும் சேர்வைகள். பாலில் நீர், கொழுப்பு, புரதம், வெல்லம் எல்லாம் உண்டு. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் மிதப்பது தெரியும். ஆகவே அது பல்லினக் கலவை. நாம் கொறிக்கும் மிக்சரும் அதே இனந்தான், கடலையைத் தனியே பொறுக்கலாம்! உப்புக்கரைசலில் எந்தத் துளியை எடுத்தாலும் ஒரே மாதிரி. அது ஏகவினக் கலவை. 22 கரட் தங்கச் சங்கிலியும் அப்படியே. அதில் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு போன்ற வேறு உலோகம். இதை மகளைவிட மனைவிதான் நம்ப மறுத்தார்.

கண்ணால் பார்த்துத் தெரியாவிட்டால் உருகுநிலை காட்டிக்கொடுக்கும். தூய பனிக்கட்டி சரியாக 0 பாகையில் உருகும். தேங்காய் எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை, ஆகவே ஒரே புள்ளியில் உருகாமல் மெல்ல மெல்ல இளகும். தண்ணீரில் உப்புச் சேர்ந்தால் உறைநிலை கீழே இறங்கும். தெருவில் உப்புத் தூவுவது அதற்காகவே. ஆனாலும் -21 பாகைக்குக் கீழே சாதாரண உப்பால் பயனில்லை.

பயிற்சி: தேன், பித்தளைக் குத்துவிளக்கு, இளநீர், கற்கண்டு, சாம்பிராணிப் புகை, அலுமினியத் தாள். இவற்றை மூலகம், சேர்வை, கலவை என்று வகைப்படுத்துங்கள். எல்லா அபிஷேகத் திரவியங்களும் திரவங்களா என்றும் எழுதுங்கள். விடைகள் அடுத்த இதழில்.