பிள்ளை பார்க்கும் வீடு: போர்டு மாட்டும் முன்

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி பறிக்கிற பெண்கள் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். சேலத்துக்குக் கடை வேலைக்குப் போகிறவர்கள் காலை பஸ்ஸைத் தவறவிட முடியாது. பிள்ளையை யாரிடம் விடுவது? தெருவில் ஒரு அக்கா நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறார். ஆறு மாதத்தில் பிள்ளைகள் பத்தாகிறார்கள். வாசலில் ஒரு போர்டு ஏறுகிறது. அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

போர்டு எழுதக் கொடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்களா, பாடம் சொல்லித்தரப் போகிறீர்களா? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரை வீட்டில் பார்ப்பதற்கென்று அப்படித் தனிச் சட்டம் எழுதப்படவில்லை. ஆனால் 'பிளே ஸ்கூல்', 'ப்ரீகேஜி' என்று எழுதி, சீருடை கொடுத்து, அட்மிஷன் போட்டால் அது பள்ளிக் கணக்கு. தமிழக அரசின் 2015 மழலையர் பள்ளி விதித்தொகுப்பு உங்களைப் பிடிக்கும். அங்கீகாரம் வேண்டும், அதற்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று வேண்டும். வாடகை வீட்டில் நடத்துகிறவர்கள் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்காமலே தொடங்கிவிட்டு, சான்றுக்கு அலையும்போது அவர் கையெழுத்துப் போட மறுத்தால் நடுத்தெருவில் நிற்கிறார்கள். முதலில் அந்தக் கையெழுத்து. வீட்டு மீட்டரில் பள்ளி ஓட்டக் கூடாது. மின்வாரியத்தில் கட்டண வகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் சேலத்தில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். மனுவின் நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

சான்றெல்லாம் வெறும் தொந்தரவு என்று நினைக்கிறவர்களுக்கு: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். எனவே அங்கீகாரம் தேவைப்படாத வீடானாலும் கீற்றுக்கொட்டகை கூடாது, அடுப்பும் பிள்ளைகளும் ஒரே அறையில் கூடாது, வெளியே போக இரண்டு வழி வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது 2018-இன் தேசிய வழிகாட்டுதல். என் கணக்கு ஐந்து. தவழும் பிள்ளை இரண்டுக்கு மேல் சேர்க்கவே வேண்டாம்.

இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு ஆயா வைப்பது வேறு ஏற்பாடு. இங்கே சண்டை பணத்தில் வரும். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் வரவில்லை. அந்த வீடு பாதிச் சம்பளத்தை நிறுத்த, ஆயா வேலையையே விட்டுப் போனார். எல்லா வீட்டாரும் ஆயாவும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வீட்டில் பார்ப்பது, யார் பங்கு எவ்வளவு, பிள்ளை வராத நாளுக்கும் சம்பளம் உண்டு, ஆயாவுக்கு வார விடுமுறை என்ன, காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது, நின்றுகொள்வதானால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். எல்லாரும் கையெழுத்து. முத்திரைத்தாள் அவசியமில்லை. வீட்டு வேலைக்கு 2018-இலேயே அரசு குறைந்தபட்சக் கூலி அறிவித்திருக்கிறது. அதற்குக் கீழே பேசாதீர்கள். ஆயாவை வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய நீங்களே கூட்டிப்போங்கள். தெரியாத ஊர்க்காரர் என்றால் காவல்துறை இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்த ஏற்பாடானாலும், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று இரண்டு பெயர் எழுதி வாங்குங்கள். "மாமாதாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று மூன்றாவது ஆள் வந்தால், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்காமல் கதவைத் திறக்காதீர்கள். யாராவது தவறாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் மறைக்க உரிமை இல்லை. 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, நம் ஊருக்கென்று ஒன்று. அரளி பறித்த கூடையோடு நேராகப் பிள்ளையை விட வருகிறார்கள். அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். தவழும் பிள்ளை கையில் கிடைத்த மொட்டை வாயில்தான் வைக்கும். கூடை வாசலுக்கு வெளியே, உயரத்தில். அம்மா கை கழுவிய பிறகே பிள்ளையைத் தொடட்டும்.