வண்டலிடுதலும் செலவு மதிப்பிடுதலும்

ஏரி வண்டலால் வயலைத் திருத்தப் புகுவோர் முதற்கண் அளவறிதல் வேண்டும். அதனை ஈண்டு நோக்குவோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதன்மேல் ஓரங்குலக் கனம் பரப்பின் 3,630 கன அடி மண் வேண்டும்.

இதனை அளப்பது எங்ஙனம்? வெட்டிய மண் தளர்ந்து பருக்குமாதலின், குவியலை அளப்பின் கணக்கு மிகும். குழியை அளத்தலே முறை. குழிநடுவே வெட்டாது விட்ட மண்திட்டின் உச்சி பழைய தரைமட்டத்தைக் காட்டும்.

இனி, வெட்டுக்கூலி மட்டுங் கணக்கிட்டாற் போதுமோ? போதாது. சுமக்குந் தூரத்திற்கும் ஏற்றும் உயரத்திற்கும் தனித்தனியே கூலி சேர்த்தல் வேண்டும். அவற்றை விடுப்பின் மதிப்பீடு சிறுத்து அழகாகத் தோன்றும். பின்னர் வேலை இடையில் நிற்கும். அன்றேல், குறையும் பணம் கூடை சுமப்பவள் கூலியிலன்றோ பிடிக்கப்படும்! ஆகலின், நண்பர்காள், பிழையற்ற கணக்கும் நீதியின் ஒரு கூறென்றே நாம் கொள்கின்றோம்.