‘ஹார்ட்வேர்’ என்று எழுதிப் போன தின்னர்

கேள்வி: கோவையில் சிறிய அளவில் என்.சி. தின்னரும் வுட் பாலிஷும் தயாரித்து விற்கிறேன். மைசூரு பெயிண்ட் கடை ஒன்றுக்கு 20 லிட்டர் தின்னர் டின்கள் முப்பதை பார்சல் சர்வீஸில் புக் செய்தேன். சரக்கு மதிப்பு 70,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. புக்கிங் ஆபீஸில் இருந்தவர், “தின்னர்னு போட்டா மேல எடுக்க மாட்டாங்க சார், ஹார்ட்வேர்னு போட்டுக்கறேன்” என்றார். நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பில்லிலும் ஈ-வே பில்லிலும் தின்னர் என்றுதான் இருக்கிறது. வழியில் லாரி தீப்பிடித்து மொத்த சரக்கும் எரிந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இப்போது மற்ற பார்ட்டிகளின் சரக்கு, லாரி சேதம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று பார்சல் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. போலீஸிலிருந்தும் போன் வந்தது. அப்படி எழுதியது அவர்கள் ஆள்தானே ஐயா? நான் எப்படிப் பொறுப்பாவேன்? இனிமேல் ரயில் பார்சலில் அனுப்பிவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் முழுக்கக் குற்றவாளியும் இல்லை, முழுக்கத் தப்பிக்கவும் முடியாது. நோட்டீஸைப் பார்த்துப் பயந்து பார்சல் கம்பெனிக்குப் போன் போட்டு “மன்னிச்சிருங்க, ஏதாவது பார்த்துப் பேசிக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் போன் பதிவாகி நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கும்.

முதலில், நோட்டீஸ் ஏன் உங்களைத் தேடி வந்தது என்று பாருங்கள். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன்படி பொதுச் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்பவர், அந்த நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நிரூபிக்கவே தேவையில்லை. சரக்கு போய்ச் சேரவில்லை என்றாலே போதும். ஆகவே அதே லாரியில் ஜவுளியும் மோட்டார் உதிரிபாகமும் அனுப்பியவர்கள் எல்லாரும் பார்சல் கம்பெனியின் கழுத்தைப் பிடித்திருப்பார்கள். கம்பெனி உங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. அதற்கு அதே சட்டத்தின் 8-வது பிரிவு வழி தருகிறது. சரக்கை அனுப்புபவர் எழுதிக் கொடுக்கும் ஃபார்வர்டிங் நோட்டில் ஆபத்தான சரக்கு இருந்தால் அதை அறிவிக்க வேண்டும். அதில் உள்ள விவரம் சரியா என்பதற்கு அவரே பொறுப்பு. விவரம் தப்பாகவோ குறையாகவோ இருந்து அதனால் நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் அதை அவர் ஈடுசெய்ய வேண்டும். பேனாவைப் பிடித்தது புக்கிங் ஆள் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. அவர் சொன்னார், நான் போட்டேன் என்ற வாய்ச்சொல், கையெழுத்திட்ட காகிதத்தின் முன்னால் மட்டும் நின்றால் எடுபடாது.

ஆனால் உங்களிடம் வாய்ச்சொல் மட்டும் இல்லையே. பில்லும் ஈ-வே பில்லும் தின்னர் என்கின்றன. மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்பதால் ஈ-வே பில் இல்லாமல் லாரி நகர்ந்திருக்கவே முடியாது. அதில் தின்னருக்குரிய 3814 என்ற எச்.எஸ்.என். எண் இருந்திருக்கும். புக்கிங்கின்போது அந்தக் காகிதங்களைக் கையில் வாங்கிய ஊழியர், நிறுவனத்தின் ஏஜென்ட். இந்திய ஒப்பந்தச் சட்டம் 229-வது பிரிவின்படி, ஏஜென்ட் தன் வேலையின் போக்கில் அறிந்துகொண்டதை அவருடைய முதலாளியும் அறிந்ததாகவே சட்டம் கருதும். உள்ளே தின்னர் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்று நிறுவனம் சொன்னால், இந்த இரண்டு காகிதங்களும் அதற்கு எதிராகப் பேசும். என்னைக் கேட்டால், பதில் நோட்டீஸின் முதல் பத்தியே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: தீ எதனால் பிடித்தது? தப்பான விவரத்தால் நஷ்டம் வந்தால்தான் 8-வது பிரிவு உங்களைப் பிடிக்கும். பிரேக் ஜாம் ஆகி டயர் எரிந்ததா, வயரிங்கில் ஷார்ட் சர்க்யூட்டா, உங்கள் டின்னின் மூடி கசிந்ததா? தீயணைப்புத் துறை அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, எஃப்.ஐ.ஆர். மூன்றின் நகலையும் வாங்குங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தீ இன்ஜின் பக்கம் ஆரம்பித்திருந்தால் வழக்கின் முகமே மாறும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல், தீ எங்கே பிடித்தாலும் 600 லிட்டர் தின்னர்தான் அதை ஊதிப் பெரிதாக்கியது என்று வாதிடுவார். அந்த வாதத்தில் சத்து இருக்கிறது. பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் மேல் விழ வாய்ப்புண்டு என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தேதி போட்டுப் புதிதாக டிக்ளரேஷன் தயாரிக்கும் யோசனையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிவில் வழக்கோடு போகிறது மோசடி வழக்காகிவிடும்.

போலீஸ் விஷயம். தீப்பற்றும் பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 287-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. உயிர்ச்சேதம் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் 106-வது பிரிவு, ஐந்து வருடம் வரை. விசாரணைக்கு வருவதற்கு எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)-ன் கீழ் நோட்டீஸ் வந்தால் தவறாமல் போய் நில்லுங்கள், வக்கீலோடு. ஆபத்தான சரக்கை விதி மீறி ஏற்றிச் செல்வதற்கான மோட்டார் வாகனச் சட்டம் 190(3) தனி. அது வண்டி ஓட்டியவரோடு, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்துப் பிடிக்கும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஒரு வருடம் வரை சிறையும் சாத்தியம்.

நோட்டீஸில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டொலுயீன் கலந்த தின்னர் பெட்ரோலியச் சட்டம், 1934-ன்படி ‘பெட்ரோலியம்’தான். ஹைட்ரோகார்பன் திரவம் கலந்த, எரியக்கூடிய எந்தக் கலவையும் அதில் அடங்கும். தீப்பற்று வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அது ஏ வகுப்பு. டொலுயீனுக்கு அது சுமார் 4 டிகிரி. ஏ வகுப்பை உரிமம் இல்லாமல் வைத்திருக்க உள்ள சலுகை 30 லிட்டர் வரைதான், அதுவும் விற்பனைக்கு அல்லாததற்கு. உங்கள் பட்டறைக்கு பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (பெசோ) உரிமம் இருக்கிறதா? கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. இல்லையென்றால், சென்னையில் உள்ள அதன் தென் வட்ட அலுவலகத்தை அணுகி முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

இனிமேல் அனுப்பும் சரக்குக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 129 முதல் 137 வரை ஒரு தடவை படியுங்கள். 131-வது விதி அனுப்புபவருக்கானது: வண்டி தகுதியானதா, பாதுகாப்புச் சாதனங்கள் இருக்கின்றனவா, டிரைவர் பயிற்சி பெற்றவரா, வண்டிக்காரருக்குச் சரக்கின் முழு விவரமும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது உங்கள் கடமை. டிரைவரின் லைசென்ஸில் ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான எண்டார்ஸ்மென்ட் இருக்கிறதா என்று பார்த்து, அதை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஹெவி லைசென்ஸ் போதாது.

மூலப்பொருள் வாங்கும்போது வருகிற பாதுகாப்புத் தகவல் தாளைப் பலரும் கோப்பில் செருகி மறந்துவிடுகிறார்கள். உங்கள் தின்னருக்கும் அப்படி ஒன்று தயாரித்து வைத்திருக்க வேண்டும். அதன் 9-வது பகுதியில் தீப்பற்று வெப்பநிலை, 14-வது பகுதியில் போக்குவரத்து விவரம் இருக்கும். பெயிண்ட் சார்ந்த பொருள் என்ற முறையில் உங்கள் தின்னருக்கு யு.என். 1263, வகுப்பு 3. அந்த எண்ணும், சிவப்புச் சாய்சதுரத்தில் தீச்சுடர் போட்ட லேபிளும் ஒவ்வொரு டின்னிலும் இருக்கட்டும். எல்.ஆரில் (லாரி ரசீதில்) ‘பெயிண்ட் தின்னர், யு.என். 1263, வகுப்பு 3’ என்றே எழுத வேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ட்ரெம் கார்டு டிரைவரின் கேபினில் இருக்க வேண்டும். வண்டியின் அவசரத் தகவல் பலகையில் உங்கள் போன் நம்பர் எழுதப்படும். ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது எடுக்கும் நம்பராகக் கொடுங்கள். வாடகை கூடத்தான் ஆகும். தின்னர் என்று எழுதினால் எடுக்க மாட்டோம் என்கிற பார்சல் சர்வீஸ், உண்மையில் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. எடுக்க உரிமையுள்ள வண்டியைத் தேடுங்கள்.

ரயிலா? ரயில்வே சட்டம், 1989-ன் 67-வது பிரிவு, எழுத்தில் அறிவிக்காமலும் பார்சலின் மேல் தெளிவாகக் குறிக்காமலும் ஆபத்தான சரக்கை ரயிலில் ஏற்றக்கூடாது என்கிறது. மீறினால் 164-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், கூடவே நேரும் சேதம் முழுவதும் உங்கள் தலையில். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால் ஒன்பது பேர் உயிர் போனது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ரயில்வேயிடம் தாட்சண்யத்தை எதிர்பார்க்க வேண்டாம். ‘ஹார்ட்வேர்’ என்று போட்டு ரயிலில் ஏற்றினால், நீங்கள் மாற்றியது வண்டியை மட்டும்தான்.

நோட்டீஸில் பதிலுக்குக் கொடுத்திருக்கும் கெடு தாண்டாமல் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். உங்கள் சொந்தச் சரக்குக்கு நஷ்டஈடு கேட்க நினைத்தால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அதையும் இந்தப் பதிலிலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.