வரிச்சலுகையும் வாக்குறுதியும்

அன்புள்ள மருமகளுக்கு,

எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஐரோப்பாக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். உயர்தர வணிகம் படிக்கிற பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான்.

பதிலை ஒரு வரிச்சலுகையிலிருந்து தொடங்குகிறேன். பத்து யூரோ பெறுமதியான ஒரு டீ-ஷேர்ட் ஐரோப்பிய ஒன்றியத்தில் இறங்கினால் வழக்கமான சுங்கத் தீர்வை 12 வீதம், அதாவது 1 யூரோ 20 சதம். ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை உள்ள நாட்டிலிருந்து போனால் ஒரு சதமும் இல்லை. சதக் கணக்கில் ஓடர் கைமாறும் தொழிலில் இது பெரிய தொகை.

இலங்கைக்கு இந்தச் சலுகை 2005 இல் கிடைத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிப்போம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட பிறகே கிடைத்தது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உட்பட மூன்றை அது சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் கண்டது. 2010 ஆகஸ்டில் சலுகை நின்றது; சாதாரண ஜி.எஸ்.பி. சலுகை மட்டும் மிஞ்சியதால் அதே டீ-ஷேர்ட்டுக்கு 9.6 வீதம் தீர்வை விழுந்தது. உடன்படிக்கையை மீறியவர்கள் பதவியில் இருந்தார்கள். அடி விழுந்தது, கட்டுநாயக்கவில் போடிங் அறைகளில் நெருக்கிப் படுத்து, ஓ.டி. செய்து ஊருக்குக் காசு அனுப்பும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் தொழிலுக்கு. இது அநியாயம்தான்.

அதற்காக நிபந்தனையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, வழக்கும் விசாரணையும் இல்லாமல் வருடக்கணக்காகக் கிடந்தவர்களின் தாய்மாரை எங்களுக்குத் தெரியும். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் அது. அதை மாற்றுவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் 2017 மே மாதம் சலுகையைத் திரும்ப வாங்கினார்கள். 2022 இல் செய்த திருத்தம் போதவே போதாது.

இன்னொன்றையும் கவனி. சீனத்துத் துணியை இறக்கி, இங்கே வெட்டித் தைத்தால் மட்டும் இந்தச் சலுகை கிடைக்காது. பொதுவாகத் துணியையும் இங்கே நெய்யவோ பின்னவோ வேண்டும். மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால் பங்களாதேஷுக்குத் தைத்தாலே போதும். எங்களிடம் துணி ஆலைகள் குறைவு. அதனால் கையிலுள்ள சலுகையில் ஒரு பகுதி பயன்படாமலே போகிறது. இந்தக் குறைக்கு நாங்கள் ஐரோப்பாவை நோக முடியாது.

அடுத்தமுறை இந்த நிபந்தனைகளைப் பார்க்க ஐரோப்பியக் கண்காணிப்புக் குழு கொழும்புக்கு வந்த செய்தியைக் கண்டால், ஏற்றுமதித் தொகையோடு நிறுத்திவிடாதே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி என்ன கேட்டார்கள், அரசாங்கம் என்ன பதில் சொன்னது என்றும் தேடி வாசி. வாசித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா